கட்டம் கட்டமான ‘எதிர்கால’ ஃபாண்ட்: ஆங்கிலத்தில் அருமை, கன்னடத்திலும் தமிழிலும் படிக்க முடியவில்லை. என்ன செய்வது?

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி பெங்களூர் அல்சூரில் மின்சார ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை திறக்கிறான். இரண்டு மாதம் கழித்து ஓசூரிலும் ஒரு சின்ன இடம் பார்த்து வைத்திருக்கிறான். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், பையன்களுக்கு டி-ஷர்ட் எல்லாம் என் பொறுப்பு.

கடையின் ஆங்கிலப் பெயர் ஆறே எழுத்து. அதற்கு இணையத்தில் ஒரு ஃபாண்ட் கிடைத்தது. வளைவே கிடையாது, முழுக்க நேர்கோடு. ஆங்கில ஓ நான்கு மூலையும் சீவிய பெட்டி மாதிரி இருக்கிறது, ஏ எழுத்துக்கு நடுக்கோடு இல்லை, எஸ் பார்த்தால் மின்னல் வெட்டு. பேட்டரி வண்டிக் கடைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது என்று தம்பி ஒரே பிடியாக நிற்கிறான், எனக்கும் அது ரொம்பப் பிடித்துவிட்டது.

சிக்கல் இனிமேல்தான். பெங்களூரில் பலகையின் 60 சதவீதம் கன்னடமாக இருக்க வேண்டும், அதுவும் மேல்பாதியில். 2024-இல் சட்டத்திருத்தம் வந்ததிலிருந்து இதில் தளர்வு இல்லை, அது சரியும்கூட. ஓசூரில் தமிழ் முதலில் பெரிதாக வர வேண்டும். ஆக, பலகையில் கண்ணுக்கு முதலில் படப்போவது ஆங்கிலமே இல்லை. டிசைன் செய்து கொடுத்த பையன் சாதாரண தமிழ் ஃபாண்டில் அடித்து, வளைவுகளை எல்லாம் சாஃப்ட்வேரிலேயே மடக்கி நேர்கோடாக்கிக் கொண்டுவந்தான். பெயருக்குக் கீழே ‘மின்வண்டி பழுது பார்க்கும் இடம்’ என்று ஒரு வரி. தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர் அவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “மிண்வண்டி பமுது... அப்புறம் என்னப்பா இது, பாாக்கும்?” என்று கேட்டார். கன்னடத்தை எதிர்வீட்டுக்காரரிடம் காட்டினால், இது தெலுங்கா என்று அவர் கேட்கிறார்.

கேள்விகள் மூன்று. இந்த மாதிரி கோணமான ஃபாண்ட் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த யோசனையையே விட்டுவிடலாமா? வைத்துக்கொள்ளலாம் என்றால் பலகை, பில், டி-ஷர்ட் இதில் எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது? ஃபாண்டை இறக்கிய பக்கத்தில் ‘சொந்த உபயோகத்துக்கு இலவசம்’ என்று போட்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

——

எழுத்தச்சு:

அல்சூர்வாசி, முதலில் கடைசி விஷயம். ‘சொந்த உபயோகத்துக்கு இலவசம்’ என்றால் கடைப் பலகைக்கு இலவசம் இல்லை. காசு வாங்கித் தொழில் செய்யும் இடம் சொந்த உபயோகத்தில் வராது. ஃபாண்ட் செய்தவரிடம் வணிக உரிமம் விலைக்கு வாங்குங்கள், பெரும்பாலும் பெரிய தொகையாக இருக்காது. வேண்டாமென்றால் ஓபன் ஃபாண்ட் லைசென்ஸில் வந்தவற்றைப் பாருங்கள். மாட் மெக்கினர்னி செய்த ஆர்பிட்ரான் இதே குடும்பம்தான், கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும், கடைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மிக்ரோமா, ஆக்ஸானியம் இரண்டும் அப்படியே.

இனி முக்கியமான விஷயம். இந்திராநகரில் பதினான்கு வருடமாக லோகோ வேலை பார்க்கிறேன், வருடத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த ‘எதிர்கால’ எழுத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவில் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1930-இலேயே பேங்க் காத்திக் என்று சதுரமான பெரிய எழுத்துகளை வரைந்துவிட்டார். 1952-இல் இத்தாலியின் டூரின் நகரில் நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்படக் கம்பெனிக்காக அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவாரெஸேயும் மைக்ரோகிராமா செய்தார்கள். அதிலும் பெரிய எழுத்துகள் மட்டும்தான். பத்து வருடம் கழித்து, 1962-இல், நோவாரெஸே அதற்குச் சின்ன எழுத்துகளும் சேர்த்து யூரோஸ்டைல் ஆக்கினார். பழைய டிவி பெட்டியின் திரை இருக்கிறதே, மூலை மழுங்கிய சதுரம், அந்த வடிவம்தான் அதன் ஓ.

இன்னொரு கிளை வங்கியிலிருந்து வந்தது. வீட்டில் செக் புத்தகம் இருந்தால் எடுத்து அடிவரியைப் பாருங்கள். அந்த எண்களில் சில இடம் காரணமே இல்லாமல் தடித்து, சில இடம் மெலிந்து இருக்கும். அதற்குப் பெயர் இ-13பி. காந்த மையில் அச்சடித்து இயந்திரத்தில் ஓட்டும்போது ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு சமிக்ஞை தர வேண்டும், அதற்காக அந்தத் தடிப்பு. மொத்தம் பத்து எண், நாலு குறி, அவ்வளவுதான், அதில் எழுத்தே கிடையாது. ஆனால் பார்த்தவர்களுக்கு ‘கம்ப்யூட்டர்’ என்றால் இந்த முகம்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. 1970-இல் பாப் நியூமன், தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள் விற்ற லெட்ராசெட் கம்பெனிக்காக, டேட்டா 70 என்று முழு அகரவரிசையையே அந்தப் பாணியில் வரைந்தார்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஆள் நெதர்லாந்தின் விம் கிரவுவெல். அப்போதைய எலக்ட்ரானிக் அச்சுக்கோப்புத் திரையில் வளைவுகள் உடைந்து உடைந்து தெரிந்தன. அதைப் பார்த்துவிட்டு, வளைவே இல்லாமல் எழுதினால் என்ன என்று 1967-இல் நியூ ஆல்ஃபபெட் வெளியிட்டார். படுக்கைக்கோடு, செங்குத்துக்கோடு, மூலையில் 45 பாகைச் சரிவு, வேறொன்றும் கிடையாது. ஆங்கில ‘என்’ (n) எழுத்தின் அடியில் ஒரு கோடு போட்டால் அதுதான் ‘எம்’ (m). பலராலும் படிக்க முடியவில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அதைச் செய்யவில்லை, ஒரு கருத்தாக முன்வைத்தேன் என்றுதான் அவரும் சொன்னார். 26 எழுத்து உள்ள மொழியிலேயே இந்தக் கதி.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். ஏ, ஈ, எஃப், எச், ஐ, கே, எல், எம், என், டி (T), வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். 26-இல் 15 எழுத்துகளில் வளைவே இல்லை. மீதி 11 எழுத்தை மட்டும் நிமிர்த்தினால் போதும். நம்முடைய 18 மெய்யில் ட, ப, ர மூன்றும்தான் நேர்கோட்டில் நிற்பவை. ம, ய ஓரளவு ஒத்துழைக்கும். கன்னடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆங்கிலத்துக்கு அந்த ஃபாண்ட் ஒரு சட்டை, மாட்டிக்கொள்ளலாம், கழற்றலாம். தமிழுக்கும் கன்னடத்துக்கும் அதே சட்டையைப் போடுவதற்காக எலும்பையே மடக்க வேண்டியிருக்கிறது.

அம்மா படித்ததைப் பாருங்கள், அவர் ஒரு இடத்தில்கூடத் தவறாகப் படிக்கவில்லை. ‘மின்வண்டி’யில் இரண்டு சுழி ன வருகிறது, மூன்று சுழி ண வருகிறது. சுழியை எல்லாம் சின்னச் சின்னச் சதுரமாக மடக்கினால் இரண்டும் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும், படிக்கிறவர் பல்லை எண்ணிக்கொண்டா இருப்பார்? ‘பழுது’வில் ழு. ம-வுக்குக் கீழே இறங்கும் வால்தான் ழ, அந்த வால் வளைந்து சுழிந்து போகும் விதத்தை வைத்துத்தான் மு வேறு, ழ வேறு, ழு வேறு என்று தெரிகிறது. வாலை ஒரு அடைப்புக்குறியாக மடக்கினால் மூன்றும் ஒன்று. ‘பார்க்கும்’ இன்னும் மோசம். துணைக்காலும் ர-வும் அடுத்தடுத்து நிற்கின்றன. ர-வின் அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சின்னக் கால் ஒன்றுதான் வித்தியாசம். அடியைச் சமமாக வெட்டிவிட்டால் ர-வும் துணைக்கால்தான். உங்கள் பையன் அதைத்தான் வெட்டியிருக்கிறார்.

யோசனையை விட வேண்டாம். ஆனால் கோணத்தைச் சுழியில் தேடாதீர்கள், கோடு முடிகிற இடத்தில் தேடுங்கள். க-வின் மேல்கோடு, த-வின் மேல்கோடு, ட-வின் மூலை, ப-வின் இரண்டு அடிமூலை, இந்த இடங்களில் ஆங்கில ஃபாண்டில் இருக்கிற அதே 45 பாகைச் சீவலைப் போடுங்கள். வளைவை நேராக்காமல், டிவித் திரை மாதிரி கொஞ்சம் சதுரித்த வளைவாக வையுங்கள். சுழி சுழியாகவே இருக்கட்டும். கோட்டின் தடிமன் மூன்று மொழியிலும் ஒன்றாக இருந்தால் கண் தானாகவே மூன்றையும் சேர்த்துக்கொள்ளும். கன்னடத்தில் எழுத்தின் உச்சியில் தலெகட்டு என்று ஒரு சின்னக் கொண்டை இருக்கும் இல்லையா, அதைச் சீவுங்கள். பெரும்பாலான கன்னட எழுத்தில் அது வருவதால் வரி முழுக்க ஒரே தாளம் கிடைக்கும், கீழே உருண்டை உருண்டையாகவே விட்டுவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், மும்பையின் ஏக் டைப் குழு 2022-இல் வெளியிட்ட அனேக் குடும்பத்தைச் சொல்வேன். அனேக் தமிழ், அனேக் கன்னடம், ஆங்கிலம் எல்லாம் ஒரே குடும்பம், தடிமனையும் அகலத்தையும் நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இதுவும் ஓபன் லைசென்ஸ்தான். அதை அகலமாக்கி எடுத்து, அவுட்லைனாக (எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, மூலைகளைக் கையால் சீவினால் ஒரு நாள் வேலை.

எங்கே போடலாம்: பெயர் மட்டும், பெரிதாக. பலகை, டி-ஷர்ட் முதுகு, ஹெல்மெட் ஸ்டிக்கர் சரி. பில்லில் பெயர் தவிர வேறெதற்கும் வேண்டாம். முகவரி, போன் நம்பர், வாரன்டி விதிகள் எல்லாம் சாதாரண எழுத்தில்தான். இந்த ஃபாண்டுகளில் 8-உம் பி-யும் (B), 0-வும் டி-யும் (D) ஒன்றுபோல இருக்கும், போன் நம்பரைத் தப்பாக அடித்தால் போவது வாடிக்கையாளர்.

——

பலகைக்கடை:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் பீன்யாவில் பலகை செய்கிறவன், திரையில் நன்றாக இருப்பது பட்டறைக்கு வந்ததும் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

ஏசிபி ஷீட்டில் (பலகைக்குப் போடும் அலுமினியத் தகடு) ரவுட்டர், அதாவது சுழலும் பிட்டால் வெட்டும் மெஷின், வைத்து வெட்டினால் உள்மூலை ஒருநாளும் கூர்மையாக வராது. பிட்டு உருண்டை, 3 மி.மீ. பிட்டு போட்டால் எல்லா உள்மூலையிலும் 1.5 மி.மீ. வளைவு விழும். பெரிய எழுத்தில் தெரியாது, இரண்டு அங்குல எழுத்தில் பளிச்சென்று தெரியும். வெளிமூலை கூர், உள்மூலை மொழுக்கென்று இருந்தால் வேலை தெரியாதவன் செய்த மாதிரி இருக்கும். அக்ரிலிக்கை லேசரில் வெட்டினால் கூர் கிடைக்கும், ஆனால் கூரான உள்மூலையிலிருந்துதான் அக்ரிலிக் விரிசல் விடும். ஸ்க்ரூ கொஞ்சம் கூடுதலாக இறுகினாலும் வெயிலில் விரிந்தாலும் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் டிசைனிலேயே உள்மூலைக்கு 2 மி.மீ. வளைவு கொடுத்து அனுப்புங்கள், அப்போது எல்லா மூலையும் ஒன்றுபோல வரும், அது குறையாகத் தெரியாது.

உள்ளே எல்இடி வைப்பதாக இருந்தால் கோட்டின் அகலம் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று என் பட்டறையில் சொல்லிவிடுவேன். மாட்யூல் உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் சுவருக்கு இடம் வேண்டும். ண மாதிரி எழுத்தில் ஒரே அகலத்துக்குள் மூன்று சுழியும் வர வேண்டும், கோடே 25 மி.மீ. என்றால் எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் பெயருக்கு மட்டும் உள்ளிருந்து வெளிச்சம், ‘மின்வண்டி பழுது பார்க்கும் இடம்’ என்ற வரிக்கு வெட்டிய எழுத்து, மேலேயிருந்து ஒரு லைட் போதும்.

இரவில் ஒளி பரவும். பகலில் இடைவெளி தெரிகிற எழுத்து இரவில் ஒட்டிக்கொள்ளும். கோணமான எழுத்தில் இணைகோடுகள் அதிகம், நாலு கோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ராத்திரி ஒரே வெள்ளைத் திட்டு. இடைவெளி கோட்டின் அகலத்தில் பாதியாவது இருக்கட்டும்.

புள்ளியை மறந்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் ஐ, ஜே சின்ன எழுத்துக்குத்தான் புள்ளி. உங்கள் தமிழ் வரியிலேயே ன், ண், ர், க், ம், ம் என்று ஆறு புள்ளி. ஒவ்வொன்றும் தனித் துண்டு, தனியாக ஒட்ட வேண்டும். சின்னதாக வெட்டினால் இரண்டு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். புள்ளியைக் கோட்டின் அகலத்துக்குச் சமமாக, சதுரமாகவோ, மூலை சீவிய சதுரமாகவோ வையுங்கள். அக்கா, இதில் கோணம் தாராளமாக வைக்கலாம் அல்லவா? படிப்பதற்கு ஒன்றும் குறையாது. கன்னடத்தில் ஒத்தெழுத்து (கூட்டெழுத்தில் இரண்டாவதாக வரும் மெய்) கீழே இறங்கும், அதற்கு வரிக்கு அடியில் இடம் விட்டுத்தான் பலகை உயரத்தைக் கணக்கிட வேண்டும். முழு உயரத்துக்கும் கன்னட எழுத்தை நிரப்பிவிட்டு ஒத்துக்கு இடமில்லாமல் நசுக்கிய பலகைகளைத் தினமும் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து உயரம். எதிர்ச்சாரியிலிருந்து ஐம்பது அடி என்றால் ஐந்து அங்குலம். அது சாதாரண எழுத்துக்கு. இந்த மாதிரி எழுத்துக்கு நான் ஒன்றரை மடங்கு போடச் சொல்வேன். கடைசி வேலையாக, ஒரு எழுத்தையாவது நிஜ அளவில் பேப்பரில் எடுத்து ஷட்டரில் ஒட்டி, எதிர்ப் பக்கத்திலிருந்து பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பாருங்கள். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது.

——

எழுத்தச்சு:

அண்ணா, புள்ளி யோசனை அருமை. எனக்கு இதுவரை தோன்றவில்லை. ஆமாம், புள்ளிக்கு வடிவம் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம்.

——

பாறையெழுத்து:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ‘தமிழுக்குக் கோணம் ஒத்துவராது’ என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்தில் பாறையில் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்தைப் போய்ப் பாருங்கள், கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது. அதில் க என்பது வெறும் கூட்டல் குறி, இரண்டு கோடு குறுக்கே. ர கிட்டத்தட்ட ஒரு செங்குத்துக்கோடு. உளியால் பாறையில் வெட்டுகிறவனுக்கு நேர்கோடுதான் சுலபம். பிற்பாடு ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது நேர்கோடு இழுத்தால் ஓலை நரம்போடு கிழியும், அதனால்தான் உருண்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கருவி மாறும்போதெல்லாம் நம் எழுத்து மாறித்தான் வந்திருக்கிறது. நீங்கள் இப்போது ரவுட்டரில் வெட்டுகிறீர்கள், உளி மாதிரிதான் அதுவும்.

எனக்கு இதில் ஒரு ஆசை உண்டு. யாராவது இளம் வடிவமைப்பாளர் பிராமியின் கோணத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய தமிழுக்கு ஒரு தலைப்பு எழுத்துரு செய்ய வேண்டும். ஆங்கில ஃபாண்டைப் பார்த்து மடக்குவதைவிட அது நம் எழுத்துக்குள்ளிருந்தே வந்ததாக இருக்கும்.

——

எழுத்தச்சு:

ஐயா, ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பிராமியில் அந்த எழுத்துகளின் எலும்பே வேறு, அவர்கள் இன்றைய ண-வை நேர்கோட்டில் எழுதவில்லை. பல நூறு வருடமாகக் கண் பழகிய சுழியை ஒரு கடைப் பலகையில் மாற்ற முடியாது. பிராமியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வெட்டின் துணிச்சல் என்று நினைக்கிறேன், கோடு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதில் தயக்கமே இருக்காது.

——

மாதுங்காவிலிருந்து:

மும்பையிலிருந்து எழுதுகிறேன். இங்கே மராத்திப் பலகை கட்டாயம், மராத்தி எழுத்து மற்ற எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. அதனால் இதே சிக்கல் எங்களுக்கும் வரும், ஆனால் தேவநாகரி இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம் செய்தது. மேலே நீளமாகத் தலைக்கோடு, பக்கத்தில் செங்குத்துக்கோடு, பாதி வேலை ஏற்கெனவே நேர்கோட்டில் முடிந்துவிட்டது. இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ராஜ்தானி, டேகோ இரண்டையும் பாருங்கள், சதுரித்த உடம்பு, படிக்கவும் நன்றாக இருக்கிறது. இரண்டிலும் தேவநாகரியும் ஆங்கிலமும்தான், தமிழ் இல்லை. நானும் ஒரு தடவை ஆசையாகத் தேடி ஏமாந்தேன்.

நமக்கு நெருக்கமான உதாரணம் தாய்லாந்து. பாங்காக்கின் காட்சன் டெமாக் நிறுவனம் செய்த சக்ர பெட்ச் என்று ஒரு ஃபாண்ட் கூகுளில் இருக்கிறது. தாய்லாந்து எழுத்தும் சதுரத்துக்குப் பிறந்தது இல்லை, நம்மைப் போலவே ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசத்தில் இருக்கும் எழுத்துகள் அதில் நிறைய. அந்த எழுத்துகளை எப்படிப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், மூலையை எங்கே சீவியிருக்கிறார்கள், எங்கே சீவாமல் விட்டிருக்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பாருங்கள். தாய்லாந்து மொழி படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, உங்கள் டிசைனர் பையனுக்கு. போட்டோஷாப்பிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ தமிழை அடிக்கும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘கொ’ என்று அடித்தால் க முதலில், கொம்பு அதற்கு அப்புறம் என்று வந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவுட்லைன் ஆக்கி பிரஸ்ஸுக்கு அனுப்பிய ஒரு அழைப்பிதழ் என் சொந்த வீட்டு விசேஷத்தில் நடந்தது, முந்நூறு பிரதி. தமிழ் தெரியாத ஊரில் பிழை பார்ப்பதற்கு நம்மைத் தவிர ஆள் கிடையாது.

——

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று நாளாக இதே வேலைதான். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஃபாண்ட் செய்தவருக்கு மெயில் போட்டு உரிமம் வாங்கிவிட்டோம். தம்பிக்கு அந்த மின்னல் எஸ்தான் வேண்டுமாம்.

அப்புறம் அனேக் கன்னடத்தையும் அனேக் தமிழையும் அகலமாக்கி எடுத்து நானும் டிசைனர் பையனும் உட்கார்ந்தோம். எழுத்தச்சு அக்கா சொன்ன மாதிரி கன்னடத்தில் தலெகட்டை மட்டும் சீவினோம். நான்கு எழுத்துப் பெயர், நான்கு சீவல். வேறெதையும் தொடவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் காட்டினேன், ஒரு நொடியில் படித்துவிட்டு, “இதே சென்னாகிதே” (இதுதான் நன்றாக இருக்கிறது) என்றார். அதைக் கேட்டதும் வந்த நிம்மதி இருக்கிறதே!

தமிழில் ட-வும் ப-வும் தானாகவே அழகாக வந்துவிட்டன. ண-வில் முதல் சுழியைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, அடுத்த இரண்டையும் சதுரித்த வளைவாக விட்டோம், இப்போது ன பக்கத்தில் நின்றாலும் குழப்பம் இல்லை. ர-வின் அடிக்காலைச் சமமாக வெட்டாமல், அதே 45 பாகையில் இடப்பக்கம் இழுத்துவிட்டோம். அது ர-வையும் காப்பாற்றியது, ஆங்கில எஸ்ஸின் மின்னல் சரிவுக்கும் இணையாக வந்து நின்றது. புள்ளியெல்லாம் மூலை சீவிய சதுரம்.

ழு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. சுழியை விட்டால் மற்ற எழுத்துகளோடு சேரவில்லை, சதுரித்தால் அம்மா மறுபடியும் மு என்கிறார். இரண்டு மாதிரியும் எடுத்துவைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

——

எழுத்தச்சு:

வாலின் கடைசிச் சுழியை உருண்டையாகவே விடுங்கள். அது வரிக்குக் கீழே தனியாகத் தொங்குகிற இடம், மேலே இருக்கிற எழுத்துகளோடு கண் அதை ஒப்பிடாது. வால் ம-வை விட்டுப் பிரிகிற இடத்தில், மேலே, ஒரே ஒரு சீவல் போடுங்கள். கோடு எங்கே புறப்படுகிறது என்று அது காட்டிவிடும், மு-வில் அந்த இடத்தில் சீவல் வராது என்பதால் இரண்டும் பிரிந்துவிடும். தடிமனும் கீழே வரும்போது பத்தில் ஒரு பங்கு குறையட்டும், இல்லையென்றால் சுழி அடைத்துக்கொள்ளும்.

——

பலகைக்கடை:

அந்த ழு வரி வெட்டிய எழுத்துதானே, எல்இடி இல்லையே? அப்படியென்றால் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. எழுத்து உயரம் ஆறு அங்குலத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுழியின் உள்ஓட்டை குறைந்தது 8 மி.மீ. இருக்கட்டும், பெயின்ட் அடித்தால் மூடாது. பேப்பரில் எடுத்து ஷட்டரில் ஒட்டிப் பார்த்தீர்களா?

——

அல்சூர்வாசி:

இன்று சாயங்காலம் ஒட்டினோம். எதிர்ப் பக்கத்து டீக்கடை வாசலில் அம்மாவை நிற்க வைத்துக் கேட்டேன். கண்ணாடி போடாமலே “மின்வண்டி பழுது பார்க்கும் இடம்” என்று படித்தார். லைட் போட்ட பிறகு இன்னொரு தடவை கேட்டேன், அப்போதும் படித்தார். நாளை காலை ஃபைலோடு பீன்யா வருகிறேன் அண்ணா.